மஸ்டாங்கும் மண்ணெண்ணெய்க் காரும்

வால்தம்ஸ்டோ, லண்டன்
12.09.1993

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் வேதவல்லியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவும் அண்ணியின் தலைச்சுற்றும் எப்படி என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. இந்த முறையாவது எழுதுங்கள்.

ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் என் கராஜுக்கு ஒரு கார் வந்திருக்கிறது. அறுபத்தெட்டாம் ஆண்டு அமெரிக்க மஸ்டாங். நீள மூக்கு, இரண்டு கதவு, எட்டு சிலிண்டர். சொந்தக்காரர் தர்மலிங்கம், மலேசியாத் தமிழர், ஹரோவில் பல் வைத்தியராக இருக்கிறார். இங்கே படிக்க வந்த காலத்தில் அவர் நின்ற பஸ் தரிப்பைத் தாண்டி இப்படி ஒரு கார் போனதாம். ஐம்பது வயதில் வாங்கிவிட்டார். பழைய எஞ்சின் தேய்ந்து முடிந்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு இந்தக் காலத்து எஞ்சின் பூட்ட வேண்டும் என்கிறார். புது எஞ்சினில் காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். எப்போது எவ்வளவு பெற்றோல் விடுவது என்பதை ஒரு சின்னக் கொம்பியூட்டர் பெட்டி தீர்மானிக்கும். அந்தப் பெட்டிக்கு வேண்டிய எண்களை மடியில் வைக்கும் இன்னொரு கொம்பியூட்டரில் நான் தட்டிக் கொடுக்க வேண்டும். இந்தக் காலத்தில் ரியூன் பண்ணுவது அப்படித்தான்.

மூன்று கராஜ்காரர் முடியாது என்று அனுப்பிவிட்டார்களாம். "உங்களால முடியுமா சிவா?" என்று கேட்டார். "ஏலும்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. யாழ்ப்பாணத்தில் வேலை செய்த நாளில் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்த்து உங்களைக் கேட்பேன். இங்கே எழுதித்தான் கேட்க வேண்டும். சிரிக்காமல் பதில் போடுங்கள்.

அன்புத் தம்பி
சிவானந்தன்


கோண்டாவில், யாழ்ப்பாணம்
05.11.1993

அன்புள்ள தம்பி சிவானந்தனுக்கு,

உன் கடிதம் வந்து சேர ஏழு கிழமை எடுத்தது. முழங்கால் நோகிறது. தலைச்சுற்று இப்போது இல்லையென்று தவமலர் சொல்கிறாள். உங்கள் இருவரின் சுகமும் எங்களுக்கு முக்கியம்.

பெற்றோலைப் பற்றி நீ எழுதிய இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். இங்கே மூன்று வருடமாக அரசாங்கம் பெற்றோல் வரவிடுவதில்லை. என்னுடைய ஒஸ்ரின் கார் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் மருந்தேற்றும் போத்தல் ஒன்றைப் பொனற்றுக்குள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்குள் ஒரு சுண்டு பெற்றோல். குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவேன். புகைக்கு ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் இருமல். அப்படியும் ஆஸ்பத்திரி ஓட்டம் முழுக்க எனக்குத்தான். ஓடுகிற கார் இந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

எண்களைத் தட்டி எப்படி ரியூன் பண்ணுவாய் என்று எனக்குப் பிடிபடவில்லை. எஞ்சின் ஒன்றுதானே. காற்று, எரிபொருள், நெருப்பு. மூன்றில் எது பிழைத்தாலும் கேள். பதில் வந்து சேரும்வரை உன் பல் வைத்தியர் பொறுப்பாரோ தெரியாது.

உன் அண்ணன்
யோகலிங்கம்


வால்தம்ஸ்டோ
16.01.1994

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே சுகம். பொங்கலுக்கு வேதவல்லி புக்கை செய்தாள். முழங்காலுக்கு ஒரு பூச்சு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். கொழும்புக்குப் போகிற ஆள் கிடைத்ததும் அனுப்புவேன்.

எஞ்சினைப் பூட்டி முடித்துவிட்டேன். நினைத்ததைப் போல மூன்று மடங்கு நேரம் எடுத்தது. கராஜுக்குள் பயங்கரக் குளிர். விரல்கள் சொல் கேட்பதில்லை. ஒரு நாள் ஸ்பனர் கையிலிருந்து நழுவி என் காலிலேயே விழுந்தது. தர்மலிங்கம் சனிக்கிழமைதோறும் வந்து ஒரு பழைய ரயர்மேல் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். முதல் ஸ்ரார்ட்டிலேயே எஞ்சின் பிடித்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார், பாவம்.

பிறகுதான் தொல்லை. குளிராக இருக்கும்போது நன்றாக ஓடுகிறது. சூடேறிக் கால் மணித்தியாலம் ஆனதும் மூச்சு வாங்கத் தொடங்கும். ஏறும், இறங்கும், கறுப்புப் புகை தள்ளும், நின்றுவிடும். பெற்றோல் கூடிவிட்டது என்று எண்களைக் குறைப்பேன். சரியாகும். அடுத்த நாள் அதே எண் பிழை. குளிர்நீரின் சூட்டை அளக்கும் சென்சரை மாற்றினேன். இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினேன். நேற்றுச் சரியாக இருந்தது இன்றைக்கு ஏன் பிழைக்கிறது என்று தெரியவில்லை. எதைத் தொடுவதென்றும் விளங்கவில்லை.

எழுத்துக் கோணலாக இருந்தால் பேனையைத் திட்டுங்கள்.

சிவானந்தன்


கோண்டாவில்
09.03.1994

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்கிறோம். வேதவல்லியின் புக்கையைப் பற்றி எழுதி அண்ணியின் வாயைக் கிளறிவிட்டாய். இங்கே சர்க்கரை கிடையாது.

உன் கடிதத்தை ஒஸ்ரினுக்குள் வைத்து, ஆளில்லாத நேரமெல்லாம் எடுத்து வாசித்தேன். ஒன்று கேட்கிறேன். மூச்சு வாங்கும் நேரத்தில் லைற்றைப் போட்டுப் பார்த்தாயா? ரேடியேற்றர் விசிறி கறண்டில் சுற்றுவதா? லைற் எரிந்து விசிறியும் சுற்றும்போது குழப்பம் கூடினால் பெற்றோலை விட்டுவிடு. எர்த் வயரைப் பார். எஞ்சினிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் தடித்த வயர். அது தளர்ந்திருந்தால் கறண்ட் திரும்பி வர வழியில்லாமல் தடுமாறும். உன் கொம்பியூட்டர் பெட்டி பொய்யை மெய்யென்று நம்பிப் பெற்றோலை ஊற்றும். எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. எர்த் தெரியும்.

பேனையைத் திட்டினேன். பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். கோணல் போன வருஷம் ஆடியிலேயே தொடங்கியிருக்கிறது. ஆடியில் லண்டனில் குளிர் இல்லையே. கையில் ஏதும் அடிபட்டதா? மறைக்காமல் எழுது.

யோகலிங்கம்


வால்தம்ஸ்டோ
24.04.1994

அண்ணைக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் எழுதுங்கள்.

லைற் போட்டால் குழப்பம் கூடுகிறது என்பது உண்மை. எர்த் வயரை நானே பூட்டினேன், நானே இறுக்கினேன். கண்ணாலும் பார்த்துவிட்டேன். வயர் அதனுடைய இடத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் இந்த வேலை செய்கிறேன். ஒரு நட்டு இறுக்க எனக்குத் தெரியும். அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

கைக்கு ஒன்றுமில்லை.

சிவானந்தன்


கோண்டாவில்
30.06.1994

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நானும் தவமலரும் சுகம். உனக்குக் கோபம் வரும்படி எழுதியது என் பிழை. அருகில் இருந்திருந்தால் நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன், நீ அப்படிக் கோபிக்கவும் மாட்டாய். கடிதத்தில் முகம் தெரிவதில்லை.

போன கிழமை நடந்ததை எழுதுகிறேன். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் கஸ்பரின் மனைவிக்குப் பிள்ளை பெறும் வயிற்றுக்குத்து என்று ஓடிவந்தார்கள். ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு மைல் இருக்க ஒஸ்ரின் நின்றுவிட்டது. மண்ணெண்ணெயில் தண்ணீர். போத்தலில் பெற்றோலும் முடிந்துவிட்டது. கஸ்பர் தள்ளினார், நானும் தள்ளினேன். முழங்கால் மடிந்து வீதியில் விழுந்தேன். "அண்ணை, ஏதாவது செய்யுங்கோ" என்று அவர் அழுதார். செய்ய ஒன்றுமிருக்கவில்லை. வீதியோரத்து வீட்டிலிருந்து ஒரு மனிசி வந்து உள்ளே ஏறிக் கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் காருக்கு முதுகைக் காட்டியபடி நின்றேன். நாற்பது நிமிடம். பெண் குழந்தை. இருவரும் சுகம்.

இத்தனை வருடத்தில் ஒரு கார் என் கையில் நிற்கும்போது நான் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

அந்தக் கோபக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. காரைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஏதாவது எழுது.

யோகலிங்கம்


வால்தம்ஸ்டோ
28.08.1994

அன்புள்ள அண்ணைக்கு,

வேதவல்லியின் எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கையில் சின்னச் சுளுக்கு. மற்றபடி சுகம். கஸ்பரின் மகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள்?

மார்ச்சில் நீங்கள் சொன்னது சரி. எர்த்.

போன சனிக்கிழமை எஞ்சின் ஐந்தாம் தடவையும் நின்றது. நான் கொம்பியூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தர்மலிங்கம் பொனற்றுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவர், "சிவா, இது சுத்துதே" என்றார்.

"எது?"

"இந்த நட்டு. விரலால தொட்டேன், சுத்துது."

நான் போய்ப் பார்த்தேன். எர்த் வயரின் நட்டுத்தான். பல் பிடுங்குகிற மனிதர், ஸ்பனரை எப்படிப் பிடிப்பதென்றும் தெரியாது. நான் காட்டிக் கொடுக்க அவரே இறுக்கினார். இரண்டரைச் சுற்றுச் சுற்றியது. எஞ்சினைப் போட்டோம். லைற், விசிறி, ஹீற்றர் எல்லாம் போட்டு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டோம். ஒரு விக்கல் கூட இல்லை. எட்டு மாதமாக நான் மாற்றிய எண்கள் எல்லாமே வீண். இனி முதலிலிருந்து ரியூன் பண்ண வேண்டும்.

அந்த நட்டை நான் என் முழுப் பலத்தோடும் இறுக்கினேன், அண்ணை. எனக்கு நல்ல நினைவிருக்கிறது. முழுப் பலத்தோடும்.

சிவானந்தன்


வால்தம்ஸ்டோ
09.10.1994

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வேதவல்லி எழுதுகிறேன். இது நானாக உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். அக்காவிடமும் என் சுகத்தைச் சொல்லுங்கள். இவரைச் சுகமென்று எழுத எனக்கு முடியவில்லை.

நட்டு இறுக்கிய அன்று நடந்ததில் பாதியைத்தான் இவர் எழுதச் சொன்னார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இவர் அந்த ரயர்மேல் இருந்துவிட்டாராம். தர்மலிங்கம் பக்கத்தில் குந்தி, "கையைக் காட்டுங்க சிவா" என்றாராம். பெருவிரலுக்கும் மற்ற விரலுக்கும் இடையில் இருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாகிக் கிடந்திருக்கிறது. தர்மலிங்கம் தனக்குத் தெரிந்த டொக்ரர் ஒருவருக்கு அங்கிருந்தே ஃபோன் எடுத்தார்.

சுளுக்கில்லை அத்தான். தசையை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வருத்தமாம். வலது கையில் தொடங்கி இப்போது இடது கைக்கும் வருகிறது. பிறகு கால், பிறகு மூச்சு. மருந்து கிடையாது. இரண்டு வருடம், கூடினால் மூன்று என்றார்கள். அதைக் கேட்ட பிறகு இவர் கேட்டது ஒரே கேள்வி. "விரலால கொம்பியூட்டர் தட்ட எவ்வளவு காலம் ஏலும்?" டொக்ரருக்கு ஏன் அப்படிக் கேட்கிறார் என்று விளங்கவில்லை.

உங்களுக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "அங்க நிண்டு அண்ணை என்ன செய்ய ஏலும்? நித்திரையில்லாமல் கிடப்பார், அவ்வளவுதான்" என்றார். எனக்கு இங்கே சொல்லி அழ ஒருவரும் இல்லை. அதனால் சத்தியத்தை மீறுகிறேன். எனக்குத் தனியாகப் பதில் போட வேண்டாம். வருகிற கடிதங்களை எல்லாம் இவர்தான் முதலில் வாசிப்பார்.

வேதவல்லி


கோண்டாவில்
18.12.1994

அன்புள்ள தம்பி சிவானந்தனுக்கு,

நாங்கள் சுகம். என் முழங்கால் எவ்வளவோ மேல். உன் சுளுக்கு மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். கஸ்பரின் பிள்ளைக்குப் பெயர் ஸ்ரெல்லா.

நட்டு விஷயத்தை நீ பெரிதாக எடுக்காதே. எட்டு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு லேசுப்பட்டதல்ல. எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடத்து நட்டுத் தானாகக் கழன்றுவிடும். எனக்கே எத்தனையோ தரம் நடந்திருக்கிறது. முன்பு சொல்ல மறந்துபோனேன்.

நீ முதலிலிருந்து ரியூன் பண்ணும்போது அவசரப்படாமல் பண்ணு. எஞ்சின் வெறுமனே நிற்கும்போது ஒருமுறை, பாரம் இழுக்கும்போது ஒருமுறை, இறக்கத்தில் காலை எடுக்கும்போது ஒருமுறை, எல்லாவற்றையும் எழுது. எனக்கு அறிய ஆசை.

இங்கே சமாதானம் வரப்போகிறது என்று பேச்சு. பாதை திறந்தால் தவமலரையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து லண்டன் விசாவுக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். விசேஷமாக ஒன்றுமில்லை. வயது போகிறது, ஒருக்கால் லண்டன் பார்க்கலாமே என்றுதான்.

உன் அண்ணன்
யோகலிங்கம்


வால்தம்ஸ்டோ
26.02.1995

அன்புள்ள அண்ணைக்கு,

வேதவல்லி எழுதுகிறாள். அவள் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமலிருக்க வேண்டும்.

கார் முடிந்துவிட்டது. நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன்.

ஐந்து சனிக்கிழமை எடுத்தது. தர்மலிங்கம் ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில். மடியில் கொம்பியூட்டர், அது சரியாமலிருக்க வேதவல்லி ஒரு சீலையால் என்னோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். இடது கைச் சுட்டுவிரல் மட்டும் வேலை செய்தது. எப்பிங் காட்டுக்கு நடுவே போகிற வீதியில் ஏறியும் இறங்கியும் போனோம்.

"இப்ப என்ன செய்யட்டும்?" என்பார்.

"மூண்டாம் கியரில ஏத்தம் ஏறுங்கோ. காலை எடுக்காதேங்கோ."

"எடுக்கல. இழுக்கத் தயங்குது சிவா."

"ஓம், கண்டிட்டன்."

ஓர் எண்ணை நான்கு கூட்டுவேன். மறுபடி அதே ஏற்றம். சில நேரம் எஞ்சின் சத்தத்தில் நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. வேகத்தைக் கூட்டச் சொன்னால் நிறுத்தினார். பிறகு விரலால் காட்டினேன்.

கடைசிச் சனிக்கிழமை எந்த எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் சுத்தமாக இழுத்தது. பொத்திய கையைத் திறப்பதைப் போல ஓடியது, அண்ணை. வீதியோரம் நிறுத்திவிட்டு அவர், "இனிமே என்ன செய்யணும்?" என்றார். "ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றேன். அடுத்த வாரம் கராஜைப் பூட்டித் திறப்பை வாடகைக்குத் தந்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வேதவல்லி உங்களுக்கு எழுதியது எனக்குத் தெரியும். எந்த எஞ்சினிலும் இறுக்கிய அந்த நட்டுத் தானாகக் கழலாது. அது உங்களுக்குத் தெரியாதா? உங்கள் கடிதத்தில் அந்த வரியை வாசித்த உடனே அறிந்துகொண்டேன். இதை எழுத மாட்டேன் என்று வேதவல்லி அழுகிறாள். எழுத வைத்திருக்கிறேன்.

வர முடியுமென்றால் வாருங்கள்.

சிவானந்தன்


வால்தம்ஸ்டோ
10.04.1995

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் கொழும்பில் வெள்ளவத்தைக்குச் சுகமாக வந்து சேர்ந்ததே பெரிய ஆறுதல். விசா மறுத்துவிட்டார்கள் என்று நீங்கள் ஃபோனில் சொன்னதும் இவரின் முகம் விழுந்துபோனது. ஆனால் பிறகு நீங்கள் பேசியதில் தேறிவிட்டார்.

"திரும்பிப் போகவோ, இஞ்சையே நிக்கவோ, நீ சொல்லு தம்பி" என்று நீங்கள் கேட்டது எனக்கும் கேட்டது. ரிசீவரை இவரின் காதில் பிடித்துக்கொண்டு நின்றது நான்தானே. இவர் சொன்னார்: "போகாதேங்கோ அண்ணை. கொழும்பிலயே நில்லுங்கோ. அண்ணியையும் விடாதேங்கோ." மூன்று தரம் சொன்னார். நீங்கள் மூன்று தரமும் "ஓம், ஓம்" என்று சம்மதித்தீர்கள். இங்கே எல்லோரும் சமாதானப் பேச்சு முறியப் போகிறது, சண்டை மறுபடி தொடங்கப் போகிறது என்கிறார்கள். இவருக்கு அந்தக் கவலைதான்.

ஃபோனை வைத்ததும், "அண்ணை ஓமெண்டிட்டார்" என்று இவர் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தார். அன்றைக்குச் சாப்பாடும் ஒழுங்காக இறங்கியது. இவரால் இனி ஒன்றும் செய்ய இயலாது என்று எல்லோரும் நினைக்கிறபோது உங்களையாவது நிறுத்திவிட்டோம் என்ற திருப்தி இவருக்கு.

நிரந்தரமாக ஒரு வீடு கிடைத்ததும் விலாசம் எழுதுங்கள்.

வேதவல்லி


வெள்ளவத்தை, கொழும்பு
11.04.1995

அன்புள்ள தம்பி சிவானந்தனுக்கு,

நானும் தவமலரும் சுகம். நீயும் வேதவல்லியும் மனம் தளராமல் இருங்கள்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபோனில் நீ சொன்னது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லைன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்கு முன்னால் வேதவல்லி பேசியபோது ஒவ்வொரு சொல்லும் பக்கத்து அறையில் பேசுவதைப் போலத் தெளிவாக இருந்தது. அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. உன் பேச்சுக்கும் வந்துவிட்டது என்று எனக்கு ஒருவரும் எழுதவில்லை. குரல் உன்னுடையதுதான். சொல் ஒன்றும் பிடிபடவில்லை. நீ சொன்னாய், நான் "ஓம்" என்றேன். மறுபடி சொன்னாய், மறுபடி "ஓம்" என்றேன். இன்னொரு தரம் சொன்னாய், அதற்கும் "ஓம்" என்றேன். விளங்கவில்லை என்று சொல்லி உன்னை இன்னும் ஒரு தரம் அப்படிப் பாடுபட வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஃபோன் எடுத்துத் தருகிற கொமியூனிக்கேஷன் கடை வாசலில் கனநேரம் நின்றேன். திரும்ப எடுப்போமா என்று தவமலர் கேட்டாள். எனக்கு மனம் துணியவில்லை.

போவதா நிற்பதா என்று உன்னைக் கேட்கத்தான் எடுத்தேன். தவமலரின் ஒன்றுவிட்ட தம்பி தில்லையம்பலம் இங்கே ஓர் அறை தருகிறேன் என்கிறார். அவளுக்கு நிற்க விருப்பம். எனக்கு இரண்டு மனம். விசா இல்லை, உன்னிடம் வர வழியில்லை. இங்கே சும்மா இருந்து என்ன செய்வது? அங்கே போனால் ஆஸ்பத்திரி ஓட்டமாவது இருக்கும். சமாதானமும் நீடிக்கும் போலத்தான் தெரிகிறது. நீ ஒரு சொல் சொல்லியிருந்தால், அது எதுவானாலும், அதன்படி செய்திருப்பேன்.

ஊருக்குத் திரும்ப நாளைக் காலை வவுனியா பஸ்ஸில் இருவருக்கும் இடம் எடுத்துவிட்டேன். அன்றைக்கு நீ சொன்னதை வேதவல்லியைக் கொண்டு எழுதுவித்து அனுப்பு. கோண்டாவில் விலாசத்துக்கே போடு. அங்கே இருப்போம்.

உன் அண்ணன்
யோகலிங்கம்